காரணிகள் பெருத்த எண்கள்: ராமானுஜன் பட்டியலும் அதன் பின்கதையும்

2024 அக்டோபரில், அதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பகா எண் அறிவிக்கப்பட்டது. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கை எடுத்து அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. எழுதி முடிக்க 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். ஆனால் அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் இரண்டே இரண்டு: ஒன்று, மற்றொன்று அந்த எண்ணே.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது 67,46,32,83,88,800. வெறும் 13 இலக்கம். 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே சொச்சம். இதற்கு 10,080 காரணிகள் இருக்கின்றன. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட பட்டியல் இந்த எண்ணோடுதான் முடிகிறது.

ஒரு முழு எண் அதிகபட்சம் எத்தனை காரணிகளைக் கொண்டிருக்க முடியும்? அந்த உச்சத்தைத் தொடும் எண்கள் எப்படிப்பட்டவை? ராமானுஜன் எடுத்துக்கொண்ட கேள்வி இது. தமக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களை 'மிகு பகு எண்கள்' என்று அழைக்கலாம். அவற்றின் கதை நெல் அளக்கும் மரக்காலில் தொடங்கி, இன்றைய கணிதத்தின் மிகப் பெரிய விடைகாணாப் புதிர் வரை நீள்கிறது.

எண்ணிப் பார்க்கும் வழி

காரணிகளைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்து, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் போதும். 60 என்பது 2² × 3 × 5. அடுக்குகள் 2, 1, 1. ஒன்று கூட்டினால் 3, 2, 2. பெருக்கினால் 12. எனவே 60-க்கு 12 காரணிகள்.

பீங்கான் பொருள்களுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் ஒரு பட்டறைக்காரர் 60 பொம்மைகளைச் செவ்வக வரிசையாக அடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1×60, 2×30, 3×20, 4×15, 5×12, 6×10 என்று ஆறு விதமாக அடுக்கலாம். 59 பொம்மை என்றால் ஒரே நீள வரிசைதான். 61 என்றாலும் அதே கதிதான். அடுத்தடுத்த எண்கள்தான், ஆனால் உள்ளமைப்பில் எட்டாத தூரம்.

பெரிய எண்ணுக்கும் இதே வழிதான். 67,46,32,83,88,800-ஐ உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என்று வரும். அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. பள்ளி மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். இதைவிடச் சிறிய எந்த எண்ணாலும் இந்த எண்ணிக்கையை எட்ட முடியாது என்று நிறுவுவதுதான் கடினம். ராமானுஜனின் உழைப்பு முழுதும் அங்கேதான் செலவாயிற்று.

அளவைகளுக்குள் இருந்த கணக்கு

காரணி மிகுந்த எண்களின் அருமையைக் கணிதர்கள் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே அளந்து பிழைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். நடுநாட்டின் பாடல்பெற்ற தலங்களில் ஒன்று பெண்ணாடம். வெள்ளாற்றங்கரையின் நெல் வயல்கள் சூழ்ந்த ஊர். சிவஞான போதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் என்றும் போற்றப்படுவது. இந்த வட்டாரமும் சோழநாடும் நெல்லைக் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்று அளந்தன. கோயில் கல்வெட்டுகளில் நெல் நிவந்தங்கள் இந்த அளவைகளிலேயே பதிவாகியிருக்கின்றன. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆக, ஒரு கலத்துக்கு 96 நாழி.

நூறுக்குள் எந்த எண்ணுக்கும் 12 காரணிகளுக்கு மேல் கிடையாது. அந்த உச்சத்தைத் தொடுபவை 60, 72, 84, 90, 96 ஆகிய ஐந்து எண்கள் மட்டுமே. கலத்தின் 96 அவற்றில் ஒன்று. பாதி, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எப்படிப் பங்கு பிரித்தாலும் முழு நாழியாகவே வரும். ஐந்து பேருக்கோ ஏழு பேருக்கோ சமமாகப் பிரிப்பதுதான் இடிக்கும்.

காலக்கணக்கிலும் இதே நிலைதான். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு வட்டம். வட்டத்துக்கு 360 பாகை. அதற்கு 24 காரணிகள். 12, 24, 60, 360 எல்லாமே மிகு பகு எண்கள். ஒரு வாரத்தின் நிமிடங்களைக் கணக்கிட்டால் 7 × 24 × 60 = 10,080. 72 காரணிகளோடு அதுவும் ராமானுஜன் பட்டியலில் இடம்பெற்ற எண்தான்.

பழைய ரூபாயையும் சேர்த்துக்கொள்ளலாம். 16 அணா, ஒவ்வொரு அணாவுக்கும் 12 பை என்று ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்தது. மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 5 அணா 4 பை, மீதி கிடையாது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு நயா பைசா வந்தது. எழுதுவதும் கூட்டுவதும் எளிதாயிற்று. ஆனால் 14 காரணிகள் இருந்த இடத்தில் 9 மிஞ்சின. ரூபாயை மூன்றாகப் பிரிக்கும் வழி போய்விட்டது.

மேற்கிலும் இந்த எண்ணம் பழையது. பிளேட்டோ தமது கடைசி நூலான 'சட்டங்கள்' என்பதில் இலட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் வேண்டும் என்றார். 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் என்பதால் நிலம், வரி, படை என்று எதையும் ஒழுங்காகப் பிரிக்கலாம் என்பது அவர் கணக்கு. 5,040-க்கு 60 காரணிகள். இந்த எண் கட்டுரையின் கடைசிப் பகுதியில் வேறொரு காரணத்துக்காக முக்கியமாகும்.

திருக்கோவிலூரிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

1910-இல் பெண்ணாடமும் விருத்தாசலமும் திருக்கோவிலூரும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. அப்போது திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்று, வேலையில்லாமல் அலைந்த ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு, வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து அந்த மேதைமையை முடக்க மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதங்கள் திறந்த வழியில்தான் மற்றதெல்லாம் நடந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை. 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணிதர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17-இல் 'நெவாசா' கப்பலில் பயணம். மறு ஆண்டே மிகு பகு எண்கள் பற்றிய நெடுங்கட்டுரை அச்சேறியது. அதை முதன்மையாக வைத்தே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுவழி பி.ஏ. பட்டம் தந்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

ராமானுஜன் என்றால் 1729 என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்பது அதன் சிறப்பு. ஆனால் காரணிக் கணக்கில் 1729 சாதாரண எண்தான்: 7 × 13 × 19, மொத்தம் 8 காரணிகள். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த எண்களும் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டும். அவற்றின் அடிப்படை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடியது.

பட்டியலும் அதில் விடுபட்ட எண்ணும்

மிகு பகு எண்களின் வடிவத்தைப் பற்றி ராமானுஜன் நிறுவிய முதல் செய்தி எளிமையானது. இப்படிப்பட்ட எண் 2, 3, 5, 7 என்று பகா எண்களை ஒன்றைக்கூட விடாமல் வரிசையாகக் கொண்டிருக்கும். அடுக்குகள் ஏறவே மாட்டா. காரணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 18 = 2 × 3². இதற்கு 6 காரணிகள். அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. அதற்கும் 6 காரணிகள், ஆனால் எண் சிறியது. எனவே 18 தோற்றுவிடுகிறது. 20 = 2² × 5 என்பதில் 3 விடுபட்டிருக்கிறது. 5-க்குப் பதில் 3-ஐ வைத்தால் மறுபடியும் 12. ஆகவே 20-உம் தோற்கிறது.

அடுத்த செய்தி கடினமானது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-ஆகவே இருக்கும். 4, 36 இரண்டு மட்டுமே விதிவிலக்கு. எல்லையில்லாமல் நீளும் ஒரு தொடரில் விதிவிலக்கு இரண்டோடு தீர்ந்துவிடுகிறது என்று நிறுவியது பெரிய சாதனை. சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அசாத்தியத் தேர்ச்சிக்கு இந்தக் கட்டுரையே சான்று என்று ஹார்டி கருதினார்.

இந்த நிபந்தனைகள் தேவையானவை. ஆனால் போதுமானவை அல்ல. 96 = 2⁵ × 3 எல்லா நிபந்தனைக்கும் பொருந்துகிறது. ஆனால் 60 முன்பே 12 காரணிகளை எட்டிவிட்டதால் அது பட்டியலில் சேராது. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே முன்னோர் எல்லோரோடும் ஒப்பிட்டாக வேண்டும். கணினி இல்லாத காலத்தில், கையால் கணக்கிட்டு, ராமானுஜன் 102 எண்களைத் தொகுத்தார். பட்டியல் 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்குகிறது.

அவற்றுள் சிலவற்றை உடுக்குறியிட்டுத் தனியே காட்டினார். 12-இலிருந்து அவற்றின் போக்கைப் பின்தொடர்ந்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 12-ஐ 5-ஆல் பெருக்கினால் 60. அதை 2-ஆல் பெருக்கினால் 120. 3-ஆல் பெருக்கினால் 360. 7-ஆல் பெருக்கினால் 2,520. மறுபடியும் 2-ஆல் பெருக்கினால் 5,040. 11-ஆல் பெருக்கினால் 55,440. 13-ஆல் பெருக்கினால் 7,20,720. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு பகா எண் கூடுகிறது. புதியது ஒன்று நுழைகிறது, அல்லது பழையது ஒன்றின் அடுக்கு ஏறுகிறது. மற்ற மிகு பகு எண்களுக்கு இவை எல்லைக்கல் போல நின்று திசை காட்டுகின்றன.

அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. அதாவது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதைப் பட்டியலின் கடைசி எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதே கடைசி எண் 67,46,32,83,88,800. மூலம் கைநழுவியது; அதன் வழித்தோன்றல் பிடிபட்டது. விடுபட்ட எண்ணின் காரணிகள் எத்தனை என்று கணக்கிட்டால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5,040.

உச்சமும் சராசரியும்

பதின்மூன்று இலக்க எண்ணுக்குப் பத்தாயிரம் காரணிகள் என்பது எவ்வளவு அபூர்வம்? 1 முதல் 67,46,32,83,88,800 வரை எல்லா எண்களின் காரணிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 30-க்குச் சற்றுக் குறைவாக வரும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியக் கணிதர் திரிஷ்லே தந்த சூத்திரம் இதைச் சொல்லிவிடும். அந்தச் சராசரியும் காரணி மிகுந்த சில எண்களால் உயர்த்தப்பட்டதுதான். 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து நிறுவிய தேற்றத்தின்படி, இந்த அளவுள்ள எண்ணில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு வெவ்வேறு பகா எண்களே இருக்கும். நம் எண்ணில் ஒன்பது.

ஆனாலும் இந்தச் செழிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 10,080 என்பது அந்த எண்ணின் கனமூலத்தைக்கூடத் தொடவில்லை. கனமூலம் ஏறக்குறைய 18,900. எண் பெருகப் பெருக, அதன் எந்தப் படிமூலத்தை எடுத்துக்கொண்டாலும் காரணி எண்ணிக்கை முடிவில் அதற்குக் கீழே போய்விடும். இந்த உச்ச வளர்ச்சியின் முதன்மைப் போக்கை 1907-இல் சுவீடனின் விகர்ட் கண்டார். ராமானுஜன் அதை மிகவும் கூர்மையாக்கினார். அடுத்தடுத்த இரு மிகு பகு எண்களின் விகிதம் 1-ஐ நெருங்கிக்கொண்டே போகும் என்றும் காட்டினார். ஆரம்பத்தில் 60-இலிருந்து 120-க்கு ஒரே தாவல். போகப்போக இடைவெளி விகிதத்தில் சுருங்கும்.

காரணி நிறைந்த எண்ணை உடைப்பது எளிது. எல்லாம் சிறிய பகா எண்கள். இரண்டு பெரிய பகா எண்களை மட்டும் பெருக்கி உண்டாக்கிய எண்ணை உடைப்பது கொடுமை. 250 இலக்கம் கொண்ட அப்படியொரு எண்ணைக் கணினிகளின் பெரும்படையை வைத்து 2020-இல்தான் உடைத்தார்கள். இணையவழிப் பரிமாற்றத்தின் பூட்டுகள் பல இந்தக் கடினத்தை நம்பியே இருக்கின்றன. உடைக்காமலே ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் சொல்லும் முறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள்.

சிதம்பரம் தொடர்ந்த தடம்

ராமானுஜன் 1920-இல் மறைந்தார். அவர் தொட்ட கேள்வியை அடுத்த தலைமுறையில் எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வாரிங் கணக்கு என்ற பழம்புதிரில் அவர் செய்த பெரும்பணி அந்த ஆண்டுகளுக்குரியது. எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்பது அவர் நிறுவிய முடிவு.

1943-இல் பிள்ளை, காரணிகளை எண்ணுவதற்குப் பதிலாகக் கூட்டிப் பார்த்தார். தமக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் கூட்டுத்தொகையில் மிஞ்சும் எண்களை ஒரு வகையாக அறிமுகப்படுத்தினார். 10-ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 5, 10 என்று நான்கு காரணிகள்; 6-க்கும் நான்கு என்பதால் மிகு பகு எண் அல்ல. ஆனால் கூட்டினால் 18. அதற்கு முன் எந்த எண்ணும் 15-ஐத் தாண்டவில்லை. எனவே பிள்ளையின் பட்டியலில் 10 உண்டு. மறு ஆண்டு அலவோக்லு, பால் ஏர்டிஷ் இருவரும் இந்தத் துறையை விரித்து எழுதினார்கள். ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49. தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்தோர் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1915-இல் லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்ததால், அச்சுச் செலவைக் குறைக்க ராமானுஜன் தம் கட்டுரையின் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியில் காரணிகளின் கூட்டுத்தொகை பற்றிய ஆராய்ச்சியும் இருந்தது. 1988-இல், ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று அறியப்படும் குறிப்புகளோடு அது படியெடுத்து வெளியிடப்பட்டது. கிருஷ்ணசாமி அல்லாடி தொடங்கிய 'ராமானுஜன் ஜர்னல்' 1997-இல் தன் முதல் தொகுதியில், ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபின் இருவரின் குறிப்புகளோடு அதை வெளியிட்டது. எழுதியபின் 82 ஆண்டுகள் காத்திருந்த பக்கங்கள் அவை.

5040-க்கு மேலே

அதே கீ ரோபின் 1984-இல் நிறுவிய தேற்றம்தான் பிளேட்டோவின் எண்ணை மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்தது. ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, வந்ததற்கு மறுபடியும் இயல் மடக்கை எடுக்க வேண்டும். அதை ஏறக்குறைய 1.781 என்ற மாறிலியாலும் அந்த எண்ணாலும் பெருக்கினால் ஒரு வரம்பு கிடைக்கும். 5,040-க்கு அந்த வரம்பு சுமார் 19,237. அதன் காரணிகளைக் கூட்டினால் 19,344. வரம்பு மீறப்படுகிறது. அடுத்து 10,080: வரம்பு சுமார் 39,877, கூட்டுத்தொகை 39,312. மீறல் இல்லை. ராமானுஜனின் கடைசி எண்ணில் இரண்டையும் அந்த எண்ணாலேயே வகுத்து ஒப்பிட்டால், கூட்டுத்தொகை 5.84 மடங்கு, வரம்பு 6.03 மடங்கு. அங்கும் மீறல் இல்லை.

5,040-க்கு மேல் ஓர் எண்கூட இந்த வரம்பை மீறாது என்பதும், பகா எண்களின் பரவலைப் பற்றி 1859-இல் ரீமன் முன்வைத்த கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே என ரோபின் காட்டினார். ஒன்றை நிறுவினால் மற்றது தானே நிறுவப்பட்டதாகும். கிளே கணித நிறுவனம் 2000-இல் தலா பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு புதிர்களில் ரீமன் கருதுகோளும் ஒன்று. அது உண்மையென்று கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் எல்லாம் வரம்புக்குள் அடங்கும் என்பதை ராமானுஜன் தாம் நிறுத்திவைத்த பக்கங்களிலேயே வருவித்திருந்தார்.

இதுவரை நடந்த கணினித் தேடல்களில் 5,040-க்கு மேல் ஒரு மீறலும் அகப்படவில்லை. தேடுபவர்கள் எல்லா எண்களையும் துழாவ வேண்டியதில்லை என்பது 2009-இல் தெளிவாயிற்று. அமீர் அக்பரி, சக்கரி ஃபிரிக்ஸ்டாட் இருவரும், மீறல் ஒன்று இருந்தால் அதில் மிகச் சிறியது, காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் தனக்குமான விகிதத்தில் முந்தைய எல்லா எண்களையும் மிஞ்சும் எண்ணாகவே இருக்கும் என்று நிறுவினார்கள். அலவோக்லுவும் ஏர்டிஷும் 1944-இல் ஆராய்ந்த வகை அது. ராமானுஜனின் நிறுத்திவைத்த பக்கங்களிலும் இடம்பெற்ற வகை. 2-இலிருந்து தொடங்கிப் பகா எண்களை விடாமல் அடுக்கி, அடுக்குகள் ஏறாமல் இறங்கும் அதே வடிவம். பரிசும் புதிரும் இன்னும் அப்படியே இருக்கின்றன. எதிர்ச்சான்று கிடைப்பதானால் அது இந்த வடிவத்து எண்களில்தான் முதலில் கிடைக்கும்.